நாளை டீச்சருக்கு ட்ரெய்னிங்: பிள்ளை பார்க்கிறவர் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்புகள்

முதலில் போனை எடுக்காமல் இருக்கப் பழகுங்கள்.

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வராது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் இருப்பதால் நாளை பள்ளிக்கு விடுமுறை, அடியில் கூப்பிய கை ஒன்று. அது வந்த நாலாவது நிமிடம் உங்கள் போன் அடிக்கும். விட்டுவிடுங்கள். மறுபடி அடிக்கும். அதையும் விடுங்கள். மூன்றாம் தடவை எடுத்து, பாதித் தூக்கத்தில் எழுந்த குரலில் "யாரு?" என்று கேளுங்கள். காசு பேசுவதற்கு வேண்டிய தெம்பு அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நான் முதல் மணிக்கே எடுத்துவிடுவேன். எடுத்ததும், பிள்ளையின் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே, "அதுக்கென்னம்மா, விட்டுட்டுப் போ" என்றும் சொல்லிவிடுவேன். பதினோரு வருடமாக இப்படித்தான். ஆகவே இதைத் தோற்றவள் எழுதிய குறிப்பாக நினைத்துப் படியுங்கள். ஜெயித்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுதியிருப்பேன். எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒருத்தரும் அகப்படவில்லை.

அடுத்து, நீங்கள் செய்கிற வேலைக்கு என்ன பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பேரே கிடையாது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு கைக்கும் பேர் உண்டு, கூலி உண்டு. பட்டு இழைக்கிறவருக்கு இவ்வளவு, சாயம் தோய்க்கிறவருக்கு இவ்வளவு, பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறவருக்கு இவ்வளவு, நாடாவுக்குள் வைக்கிற நூல்தார் சுற்றுகிறவருக்கு இவ்வளவு. ஆயிரக்கணக்கான இழையை எண்ணிக் கூலி பேசுகிற ஊர் இது. ஆனால் நாலு பிள்ளைகளைச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை உட்காரவைத்து, வீட்டுப்பாடம் எழுதவைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, பெற்றவள் வரும்போது பல்லோடும் பையோடும் ஒப்படைப்பதற்குப் பேர் "பார்த்துக்கறது". பிள்ளைக்கு மாதம் 1,200 ரூபாய் கைக்கு வந்தாலும் அது சம்பளம் ஆகாது. "ஏதோ என்னால ஆனது அக்கா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். சம்பளமாக இருந்தால் ஓவர்டைம் கேட்கலாம். "ஏதோ ஆனது" என்பதற்கு ஓவர்டைம் எங்கே போய்க் கேட்பது?

இப்போது கணக்கு. பென்சிலால் எழுதவும், அழிக்க வசதியாக இருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதத்துக்கு 24 நாள், ஆக 72 மணி. 1,200ஐ 72ஆல் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய் 67 காசு. ட்ரெய்னிங் நாளில் பிள்ளை காலை எட்டுக்கு வந்து ராத்திரி ஏழுக்குப் போகும், பதினோரு மணி நேரம். அதில் மூன்றுக்கு ஏற்கெனவே வாங்கியாயிற்று. மிச்சம் எட்டு மணிக்கு 133 ரூபாய் 33 காசு. 133 என்று கேட்டால் கறார்க்காரி. 150 கேட்டால் பேராசைக்காரி. நூறு கேட்டால் நல்லவள்; ஆனால் அடுத்த ட்ரெய்னிங்குக்கு அந்த நூறும் ஐம்பதாகி, அதற்கடுத்த தடவை அரைக் கிலோ ரிப்பன் பக்கோடாவாகும். வரதர் கோயில் இட்லி ஒரு துண்டு வரும் நாளும் உண்டு. மிளகும் சீரகமும் சுக்குமாக மணத்தோடு வந்து நிற்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரசாதத்துக்கு விலை போடக்கூடாது என்பது அதைக் கொடுத்தவளுக்கும் தெரியும்.

ஆனால் இந்த 133 பொய்க்கணக்கு. நிஜக் கணக்கு தறியில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் இன்னும் கோர்வைச் சேலை நெய்கிறார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் இழைக்கு இழை கோர்த்து வர வேண்டும். அதற்கு மூன்று நாடா, இரண்டு ஆள். நெய்கிறவர் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார், இடப்பக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்தான் எனக்குத் தறி நேரம். பள்ளிக்கூடம் இல்லையென்றால் இடப்பக்கம் காலி, இடப்பக்கம் காலியென்றால் வலப்பக்கமும் சும்மா. சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை. ஆக, டீச்சர் பயிற்சிக்குப் போன அன்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போகிறது. இதையும் கட்டணத்தில் சேர்த்தால் எந்தத் தாயும் தர மாட்டாள். சேர்க்காவிட்டால் அதை நான் கொடுக்கிறேன். இப்போதைக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கதை ஒன்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இங்கிலாந்தில் டீச்சர் வருடத்துக்கு 195 நாள் வேலைக்கு வரவேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் 190 நாள், மிச்ச ஐந்தும் பயிற்சிக்கு. 1980களின் கடைசியில் கல்வி மந்திரியாக இருந்த கென்னத் பேக்கர் கொண்டுவந்தது; அதனால் 'பேக்கர் நாள்' என்றே பேராகிவிட்டது. அங்கே வீட்டில் பிள்ளை பார்க்கிறவர் முறையாகப் பதிவு செய்துகொண்டு, ஒப்பந்தம் எழுதி வாங்குகிறார். பள்ளி நடக்கும் பருவத்துக்கு மட்டும் என்றால் இன்ன தொகை, விடுமுறையில் வந்தால் இன்ன தொகை என்று அதில் இருக்கும். அப்படி எழுதியும், பயிற்சி நாள் பள்ளி நாளோடு சேர்த்தியா, விடுமுறையோடு சேர்த்தியா என்று வாசலில் தகராறு வருகிறதாம். கேட்டதும் எனக்கு அந்த முகம் தெரியாத அக்காமேல் பாசம் வந்துவிட்டது.

இங்கேயும் விதி இல்லாமல் இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. நல்ல விஷயம். அந்த 50 மணியில் எத்தனை மணி என் திண்ணையில் கழிகிறது என்று அது சொல்லவில்லை. அரசுப் பள்ளிக் கதை வேறு. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து டீச்சர்கள் பருவத்துக்குப் பருவம் பயிற்சிக்குப் போய் வருகிறார்கள், அதற்காகப் பள்ளியை மூடுவதில்லை. இரண்டே டீச்சர் இருக்கிற பள்ளியில் ஒருவர் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்து மேய்ப்பார். அன்றைக்கு அவருக்கு என்ன எக்ஸ்ட்ரா என்று கேட்டுப் பாருங்கள். என்னைவிட அப்பாவி ஒருவர் கிடைப்பார்.

காசு தரவேண்டியது தாய்தானா என்று ஒருநாள் யோசித்தேன். என்னிடம் விடுகிற நாலு பேரில் ஒருத்தி ஒரகடத்துப் பக்கம் கம்பெனிக்குப் போகிறாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். முன்சொல்லாமல் ஒருநாள் லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அதனால் ட்ரெய்னிங் நாளில் அவள் பையனை அவன் தாத்தா கொண்டுவந்து விடுகிறார், முழங்கால் வலியோடு. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்குமேல் வேலை செய்தால் ஆலையிலேயே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்திலெல்லாம் வேண்டும் என்றார்கள். ஆலைச் சட்டம் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு நின்றுவிட்டது. அங்கன்வாடியும் அந்த வயதோடு சரி. ஏழு வயதுப் பையனை எல்லாச் சட்டமும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டன. பள்ளிக்கூடம் அன்று பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டு அத்தை. அந்த அத்தைக்கான பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

இருந்தாலும் என் வேலைக்கு அரசாங்கமே ஒருமுறை மரியாதை செய்தது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மகளிர் உரிமைத் தொகையை முதலமைச்சர் எங்கள் ஊரில்தான் தொடங்கிவைத்தார். பெண்கள் வீட்டில் கூலியில்லாமல் செய்கிற வேலைக்கு அங்கீகாரமாக மாதம் ஆயிரம். விழாவுக்குப் போன தெருக்காரப் பெண்கள் இரண்டு பேர் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போனார்கள். கூலியில்லாமல்.

சரி, அந்த ட்ரெய்னிங் நாளை எப்படி ஓட்டுவது? இதுதான் குறிப்பின் முக்கியமான பகுதி, நிதானமாகப் படிக்கவும்.

எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் கால் வைக்கத் தரையில் பள்ளம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பள்ளம் இல்லை, பஸ் டிரைவர் சீட். எட்டரைக்குள் ஒருத்தன் இறங்கி மிதிபலகையை மிதித்து "போலாம் ரைட்" என்பான். அதனால் வந்தவுடன் முதல் வேலை, பள்ளத்தைப் பலகையால் மூடுவது. இரண்டாவது, பாவின்மேல் பழைய வேட்டி போர்த்துவது. பாவில் இருப்பது பட்டும் ஜரிகையும். ரிப்பன் பக்கோடா தின்ற விரல் ஒன்று பட்டால் போதும், எண்ணெய்க் கறை சேலையோடு போய், கூலியில் கழித்துக்கொண்டு திரும்பி வரும். ஒருதடவை நான் அசந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்காரி பாவின் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். அரக்கு நிற இழைகளுக்கு நடுவே ஜன்னல் வெளிச்சம் கோடு கோடாக இறங்கி அவள் முகத்தில் விழுந்தது. "அத்தை, மழை பேய்து, ஆனா நனையல" என்றாள். நல்ல வார்த்தைதான். அதற்குள் அவள் சடைப் பின்னில் நாலு இழை மாட்டியிருந்தது. அதை எடுக்க எனக்கு முக்கால் மணி ஆயிற்று. அறுந்த இரண்டை முடிபோட வீட்டுக்காரருக்குக் கால் மணி.

மூன்றாவது, எதையாவது எண்ணக் கொடுங்கள். எண்ணுகிற பிள்ளை ஓடாது. தார்க்கூடையைக் கவிழ்த்து, நிறம் பிரித்து எண்ணச் சொல்வேன்: மயில் கழுத்து எத்தனை, மாம்பழ மஞ்சள் எத்தனை, அரக்கு எத்தனை. ஒருவன் கணக்கை இன்னொருவன் ஒப்புக்கொள்ளமாட்டான். முதலிலிருந்து எண்ணுவார்கள். முக்கால் மணி நேரம் வீடு நிசப்தமாக இருக்கும்.

தாரை எண்ணலாம், சுற்றக்கூடாது. இதில் நான் கறார், மற்ற எதில் தோற்றாலும். இந்த ஊரில் ஒருகாலத்தில் லீவு நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் காசு கேட்டதில்லை, பிள்ளைதான் காசு கொண்டுவந்தது. நான் சொன்னேனே, தறியின் இடப்பக்கம், அங்கே உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து வயது. விரல் சின்னது, பசி பெரிது, அப்பா வாங்கிய முன்பணம் அதைவிடப் பெரிது. எங்கள் வீட்டுக்காரர் ஒன்பது வயதில் அடுத்த தெருத் தறியில் அப்படித்தான் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சருக்கு எப்போது பயிற்சி நடந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவருக்கு லீவு என்றால் அமாவாசை மட்டும், அன்றைக்குத் தறி ஓடாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு தொண்டு நிறுவனங்கள் வீடுவீடாக ஏறி இறங்கின, 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் காலியாயிற்று. அங்கே இப்போது மனைவிமார் உட்கார்ந்திருக்கிறோம். இல்லாத வீட்டில் கோர்வையையே விட்டுவிட்டார்கள். 2016 திருத்தத்தின்படி சொந்தப் பிள்ளை பள்ளி விட்டபின் குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாமாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கூடாது. என் பிள்ளைக்கும் நான் கொடுப்பதில்லை. சட்டத்தைவிட ஒரு முழம் கூடுதலாகவே இருக்கட்டும்.

மற்ற லீவுகளை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் விடுகிற மழை லீவு காலை ஆறு மணிக்கு டிவியில் ஓடும். அதற்குக் காசு கேட்டால் "மழைக்கு நான் என்னக்கா பண்ணுவேன்" என்பார்கள். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் அன்றைய முட்டையும் உங்கள் தலையில். திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை பிள்ளை பள்ளியில் இருக்குமாம், அதனால் உங்கள் தொகையில் ஒருநாள் கழியுமாம். லீவு விட்ட அன்று கூட்டினார்களா என்று கேட்காதீர்கள், அது வேறு நோட்டு. 2019இல் அத்திவரதர் கோயில் குளத்தை விட்டு 48 நாள் வெளியே இருந்தாரே, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. தெருவுக்குத் தெரு தடுப்பு, போன தாய் திரும்பி வர ராத்திரி பத்து, பதினொன்று. நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதானே என்று விட்டுவிட்டேன். அடுத்தது 2059இல். அதற்குள் ஒரு ரேட்டுக்கு வந்துவிடலாம் என்று நம்பிக்கை.

இனி, எதிர்பாராத வாடிக்கையாளர். என்னிடம் வருகிற நாலாவது பெண்ணின் அம்மா ஒரு டீச்சர். எந்த ட்ரெய்னிங்கால் எனக்கு நாலு பிள்ளை நாள் முழுக்கச் சேருகிறதோ, அதே ட்ரெய்னிங்குக்குப் போகத்தான் அவள் தன் பெண்ணை என்னிடம் விடுகிறாள். மற்ற மூன்று பேரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவள், இவளிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், காரணகர்த்தாவே ஆயிற்றே. ஆனால் போன முறை ஏழரைக்கு வந்து திண்ணையில் சாய்ந்தாள். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை பிளாஸ்டிக் நாற்காலி, ப்ரொஜெக்டர், நடுவில் ஒரு டீ, ஒரு சமோசா.

"இன்னிக்கு என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க?"

"பிள்ளைங்களை அடிக்காம, மிரட்டாம, ஒரு மணி நேரம் ஒரே எடத்துல எப்படி உக்கார வெக்கிறதுன்னு."

"எப்படியாம்?"

"அது அடுத்த செஷன்ல சொல்றேன்னாங்கக்கா."

அவள் பெண் தார்க்கூடை முன்னால் உட்கார்ந்து, எழுபத்தாறா எழுபத்தேழா என்று இன்னொருத்தனோடு வழக்காடிக்கொண்டிருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து முகாமில் கொடுத்த நோட்டை எடுத்து, "நிறம் பிரிச்சு எண்ணுதல்" என்று எழுதிக்கொண்டாள். "இத செயல்பாடுன்னு காட்டிடுவேன்க்கா, அடுத்த ட்ரெய்னிங்ல." ஆக என் பாடம் முகாமுக்குப் போகிறது, முகாமால் எனக்குப் பிள்ளைகள் வருகின்றன. அவள் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

கடைசி வழி: வாயால் கேட்க முடியாதவர்கள் எழுதி மாட்டலாம். மாட்டினேன். நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரில் போன வருடத் தாள் ஒன்றைத் திருப்பி, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினேன்: "ட்ரெய்னிங் நாள், ஒரு பிள்ளைக்கு ரூ.150, சாப்பாடு சேர்த்து." வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி தறித்தூணில் தொங்கவிட்டேன். அடுத்த ட்ரெய்னிங் அன்று அதை முதலில் பார்த்தது ஒரகடத்துப் பையன். எழுத்துக்கூட்டிப் படித்தான். தாத்தா போய்விட்டிருந்தார்.

"அத்தை, எனக்கு நூத்தம்பதா?"

"ஆமாண்டா."

யோசித்தான். கூடைப்பக்கம் போய் ஒரு காலித் தாரை எடுத்து ராட்டையில் வைத்துப் பார்த்தான். "நான் சுத்திக் குடுத்தா எவ்ளோ கழிப்ப?"

வீட்டுக்காரர் பாவில் அறுந்த இழை தேடிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். நான் தாரை அவன் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டேன். "ஒண்ணும் கழிக்கிறதில்ல. போய் மஞ்சள் எத்தனைன்னு எண்ணு."

ஏழு மணிக்கு அவன் அம்மா வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியபடியே இருந்தது. பையனின் செருப்பைத் தேடிக்கொண்டே தூணைப் பார்த்தாள். படித்தாள். காற்றில் தாள் திரும்பியது. அந்தப் பக்கம் லட்சுமி படமும் போன வருட மார்ச் மாதமும் இருந்தன.

"அக்கா, இது பழசுதானே?" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன், "பழசுதான்."